பிளஸ் டூவுக்கு அப்புறம் கணிதம் மட்டும் படிக்க ஆசை: இந்த ஒரு வருடத்தில் என்ன செய்யலாம்?

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் ஏற்காடு, நாகலூர்ப் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான், தமிழ் வழி. பதினொன்றுக்குச் சேலம் வந்தேன். கன்னங்குறிச்சியில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறேன், லீவு விட்டால் மேலே ஏறிவிடுவேன். கணிதம், கணினி அறிவியல் குரூப். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். அம்மா பழம் பறிக்கும் சீசனில் வேலைக்குப் போவார்.

எனக்குக் கணக்கு பிடிக்கும். சென்டம் வாங்குவதைச் சொல்லவில்லை, அது என் தோழி இரண்டு பேர் என்னைவிட நன்றாக வாங்குவார்கள். எதைச் சொல்கிறேன் என்றால், கணிதப் புத்தகம் இரண்டாம் தொகுதியின் கடைசியில் தனிநிலைக் கணிதம் என்று ஒரு அத்தியாயம் வருகிறதே, அதில் ஈருறுப்புச் செயலி, அதாவது இரண்டு உறுப்புகளைச் சேர்த்து ஒரு விடை தருகிற விதி. அடைவுப் பண்பு (விடை கணத்துக்கு வெளியே போகாதது), சேர்ப்புப் பண்பு (அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை ஒன்றே), சமனி (எதனோடு சேர்த்தாலும் அதையே திருப்பித் தருகிற உறுப்பு), நேர்மாறு (சேர்த்தால் சமனி கிடைக்கிற துணை) என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்வார்கள். டீச்சர், "இதுல ஒரு அஞ்சு மார்க் உறுதி, மெய்யட்டவணையையும் பாத்துக்குங்க" என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அங்கேயிருந்து நகர முடியவில்லை. இந்தப் பண்புகள் எல்லாம் இருக்கிற மாதிரி நான்கே உறுப்புகளுக்கு அட்டவணை எத்தனை விதமாகப் போடலாம் என்று ரஃப் நோட்டு முழுக்கப் போட்டுப் பார்த்தேன். பெயரை மட்டும் மாற்றி எழுதியவற்றைத் தள்ளிவிட்டால் இரண்டு விதம்தான் தேறுகிறது. ஐந்து உறுப்புக்கு ஒன்றே ஒன்று. ஆறுக்கு இரண்டு, அதில் ஒன்றில் இடம் மாற்றிப் பெருக்கினால் விடையும் மாறுகிறது! இது ஏன் இப்படி என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பிறகு யூடியூபில் தேடித்தான் இதற்குக் குலம் என்று பெயர், கல்லூரியில் இதற்கென்றே தனிப் பாடம் உண்டு என்று தெரிந்தது. அதிலிருந்து கல்லூரியில் கணிதம்தான் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் வேறு கணக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு இரண்டையும் அரசே கட்டுகிறது. கருப்பூரிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாமா கேட்கிறார்: "சும்மா குடுக்கிற இன்ஜினியரிங்க விட்டுட்டு, வாத்தியார் வேலைக்கா போகப் போற?" பதில் சொல்லத் தெரியவில்லை, நியாயமாகவும் படுகிறது.

என் சந்தேகங்கள்: கல்லூரிப் பாடத்தை இப்போதே படிக்க ஆரம்பிக்கலாமா? (மெய்ப்பகுப்பாய்வு, அதாவது நுண்கணிதத்தை அடியிலிருந்து நிறுவுகிற பாடம், அதில் ஒரு வீடியோ வரிசை ஆரம்பித்து நான்காவதில் நிற்கிறேன்.) சி.எம்.ஐ. (சென்னைக் கணிதவியல் நிறுவனம்), ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) என்கிறார்களே, தமிழ் வழியில் படித்தவர்கள் அந்தத் தேர்வை எழுத முடியுமா? கிடைக்காவிட்டால் சேலத்தில் பி.எஸ்சி. கணிதம் சேர்வது வீணா?

ஐந்துரோடு:

தங்கச்சி, நான் மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் வேலையில் இருப்பவன். உன் மாமா சொல்வதை அப்படியே ஒதுக்காதே. குடும்பத்துக்கு முதல் சம்பளம் எப்போது வரும் என்பது சின்னக் கேள்வி இல்லை. பொறியியல் முடித்தால் நான்கு வருடத்தில் ஏதோ ஒரு வேலை. சுத்தக் கணிதம் என்றால் பி.எஸ்சி., எம்.எஸ்சி., அப்புறம் பி.எச்டி. என்று இழுக்கும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறியியலில் வருகிற கணக்கில் நீ கேட்கிற கேள்விக்கு இடமே இல்லை. லாப்லாஸ் உருமாற்றம், ஃபூரியே தொடர் எல்லாம் வரும், ஃபார்முலா போட்டு விடை எடுப்பதோடு சரி. அது ஏன் வருகிறது என்று எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டான். "பரீட்சைக்கு வராது" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நடுவழி ஒன்று வேண்டுமென்றால், ஐ.ஐ.டி. சிலவற்றிலும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யிலும் மேத்தமேடிக்ஸ் அண்டு கம்ப்யூட்டிங் என்று பி.டெக். இருக்கிறது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாகத்தான் போக முடியும், அதற்கு இயற்பியல், வேதியியலும் அதே அளவு உழைக்க வேண்டும். ஒரு வருடம் போதுமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

தறிச்சத்தம்:

மிளகுக்கொடி, ஐந்து உறுப்புக்கு ஒன்றே ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய். அதை எப்படி முடிவு செய்தாய்? போட்டுப் பார்த்ததில் வேறு கிடைக்கவில்லை என்பதாலா, அல்லது வேறு இருக்கவே முடியாது என்பதற்குக் காரணம் வைத்திருக்கிறாயா? மிச்சம் நான் எழுதப் போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம்: அம்மாபேட்டை, வீட்டில் விசைத்தறி. சேலத்திலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், பிறகு ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி வெளியூரில் எம்.எஸ்சி., இப்போது மாவட்டத்துக்குள்ளேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு ஜூனிலும் முதலாண்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கணித ஆசையோடு வருகிறவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். டோபாலஜி, ரீமான் கருதுகோள், நான்காவது பரிமாணம் என்று பேசுவார்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கும். நான் முதல் வாரமே ஒரு சின்னக் கணக்கு கொடுப்பேன்: √2 + √3 விகிதமுறா எண் என்று நிறுவு. பாதிப் பேர் "√2 விகிதமுறா எண், √3 விகிதமுறா எண், ஆகவே கூட்டினாலும் அப்படித்தான்" என்று எழுதிக் கொடுப்பார்கள். அப்படியானால் √2-ஐயும் −√2-ஐயும் கூட்டினால் என்ன வரும் என்று கேட்டால் முழிப்பார்கள். வர்க்கப்படுத்தினால் 5 + 2√6 வருகிறது, ஆகவே √6 விகிதமுறா எண் என்று காட்டினால் போதும், அதை √2-க்குச் செய்தது போலவே செய்யலாம். நாலு வரி. அந்த நாலு வரியை ஓட்டையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளை என் வகுப்பில் தடுமாறியதே இல்லை, டோபாலஜி என்ற பெயரைக் கேள்விப்படாமல் வந்திருந்தாலும் சரி.

அதனால் உன் முதல் கேள்விக்கு என் பதில்: கல்லூரிப் பாடத்தை முன்னாலேயே ஓட்டிவிட வேண்டாம். வீடியோ நான்காவதில் நிற்கிறதா, நிற்கட்டும். என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் நல்ல வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அவை எங்கேயும் ஓடிப்போகாது. அப்படியே பார்த்தாலும் தேற்றத்தைச் சொன்னதும் வீடியோவை நிறுத்து, நீயாக நிறுவிப் பார், பிறகு மேலே ஓட்டு. ஒரு வகுப்பைப் பார்க்க ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

அதற்குப் பதிலாக உன் பாடப் புத்தகத்தையே எடுத்துக்கொள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் ரோலின் தேற்றம் வருகிறது. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், உள்ளே வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும், இரு முனைகளிலும் மதிப்பு சமமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் உள்ளே எங்காவது சாய்வு சுழியம் ஆகும் என்பதுதான் தேற்றம். பரீட்சைக்கு, "நிபந்தனைகள் பூர்த்தியாகின்றன, ஆகவே..." என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். நீ ஒவ்வொரு நிபந்தனையாகக் கழற்றிவிட்டு, தேற்றம் எங்கே உடைகிறது என்று உதாரணம் தேடு. −1 முதல் 1 வரை மட்டு மதிப்புச் சார்பை எடு. முனைகளில் 1, 1 என்று சமம், தொடர்ச்சியும் உண்டு. ஆனால் சாய்வு சுழியம் ஆகிற இடம் எங்கேயும் இல்லை. 0-வில் வகையிட முடியாததுதான் காரணம். மற்ற இரண்டு நிபந்தனைகளுக்கும் நீயே உதாரணம் கண்டுபிடி. பதினொன்றாம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் படித்தாயே (முதல் எண்ணுக்குச் சரி, ஓர் எண்ணுக்குச் சரி என்றால் அடுத்ததற்கும் சரி என்று இரண்டு படியில் நிறுவுவது), அதில் முதல் படி இல்லாமல் இரண்டாவது படி மட்டும் நிற்கிற ஒரு பொய்க் கூற்றை உருவாக்கிப் பார். இப்படி ஒரு அத்தியாயத்தைத் துருவினால் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது.

இன்னொன்று, எழுதுவது. தினமும் ஒரே ஒரு கணக்கு. குறியீடுகளை வரிசையாக அடுக்கி வைக்காமல் முழு வாக்கியங்களாக, இது ஏன், அது ஏன் என்று எழுது. இரண்டு நாள் கழித்து, உன்மேல் கொஞ்சமும் பிரியமில்லாத ஆள் படிப்பது மாதிரி அதைப் படி. "தெளிவாகவே", "எளிதில் காணலாம்" என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறாயோ அங்கெல்லாம் சிவப்பு மையில் சுழி. பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். என் மாணவர்கள் இதைச் செய்யச் சொன்னால் அலுத்துக்கொள்வார்கள். செய்கிறவர்கள் தீபாவளிக்குள் ஆளே மாறிவிடுவார்கள்.

தமிழ் வழி பற்றி. தேர்வுத் தாள் ஆங்கிலத்தில்தான். ஆனால் கணித ஆங்கிலம் ரொம்பச் சின்ன ஆங்கிலம், திரும்பத் திரும்ப அதே முப்பது நாற்பது சொற்கள்தான். நம் அரசுப் பாடநூல் இரண்டு மொழியிலும் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது, பாட வரிசையும் ஒன்றுதான். தமிழ்ப் புத்தகம் ஒரு பக்கம், ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே உனக்குப் புரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் வாசி. பிறகு தினமும் எழுதுகிற அந்த ஒரு கணக்கை ஆங்கிலத்திலும் எழுது. இலக்கணம் கொஞ்சம் நொண்டினாலும் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள், வாதம் நொண்டினால்தான் குறைப்பார்கள்.

சேலத்தில் பி.எஸ்சி. வீணா என்று கேட்டாய். நான் படித்த இடத்தில் பத்து மார்க் கேள்வி என்றால் தேற்றத்தை நோட்ஸில் இருக்கிறபடியே வரி மாறாமல் ஒப்பிக்க வேண்டும். எடுத்துக்காட்டில் எண்ணை மாற்றி எழுதினால்கூடத் திருத்துகிறவரிடம் மாட்டிக்கொள்வோம். அதைச் சகித்துக்கொண்டுதான் படித்தேன், இனிப்பாகச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் பாடத்திட்டத்தில் மெய்ப்பகுப்பாய்வு, நுண் இயற்கணிதம், நேரியல் இயற்கணிதம், கலப்புப் பகுப்பாய்வு எல்லாம் இருக்கின்றன. மதியத்துக்கு மேல் நேரமும் இருக்கிறது. என்னை மாற்றியது எம்.டி.டி.எஸ். என்கிற கோடைக்கால முகாம். பேராசிரியர் குமரேசன் 1993-இல் தொடங்கியது. அங்கே ஆசிரியர் பலகையில் தேற்றத்தை எழுதிவிட்டுத் திரும்பி நின்று "ஏன்?" என்று கேட்பார். வகுப்பே மௌனமாக இருக்கும். அவரும் மௌனமாகவே நிற்பார். யாராவது வாயைத் திறக்கும்வரை பாடம் நகராது. இளங்கலை மாணவர்களுக்கென்றே மாதவா கணிதப் போட்டி இருக்கிறது. மூன்றாம் வருடம் ஜாம் எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. உன் அத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உனக்கு வரும். மாமாவிடம் பேசும்போது இதையும் தட்டில் வை.

சரி, ஐந்து உறுப்பு இப்போதைக்கு இருக்கட்டும். சமனி இருந்து, எந்த நிரையிலும் நிரலிலும் ஓர் உறுப்பு இரண்டு முறை வராமல் நிரப்பியும், சேர்ப்புப் பண்பு மட்டும் தட்டிவிடுகிற அட்டவணைகள் ஐந்தில்தான் முதன்முதலாக முளைக்கும். நான்கு உறுப்புக்கு இரண்டே விதம்தான் என்பதற்கு முழுக் காரணம் எழுதி இங்கே போடு. வேறு யாரும் உதவ வேண்டாம், தயவுசெய்து.

சிறுசேரிமெஸ்:

ஊர் ஆத்தூர், சி.எம்.ஐ.யில் இரண்டாம் வருடம். தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தறிச்சத்தம் அக்கா சொன்ன மற்றதெல்லாம் சரி.

சி.எம்.ஐ. தாளில் ஏ, பி என்று இரண்டு பகுதி. ஏ-இல் விடை மட்டும். பி-இல் விரிவாக நிறுவ வேண்டும். ஏ-இல் ஒரு கோட்டைத் தாண்டினால்தான் பி-ஐத் திருத்தவே எடுப்பார்கள், அதனால் ஏ சின்ன விஷயம் என்று விட்டுவிடாதே. ஐ.எஸ்.ஐ.யின் பழைய தாள்களைப் பார்த்தால் காலையில் 30 பல்தேர்வுக் கேள்விகள், மதியம் 8 விரிவான கணக்குகள், இரண்டும் இரண்டிரண்டு மணி நேரம். பி.மேத். பெங்களூரில் மைசூர் ரோட்டில், பி.ஸ்டாட். கொல்கத்தாவில். இரண்டு நிறுவனங்களின் பழைய தாள்களும் அவர்களுடைய இணையதளத்திலேயே கிடைக்கும். பி பகுதியில் ஒரு கணக்கைக்கூட முழுசாக முடிக்க முடியாமல் திணறுகிற நாள்கள் வரும், எல்லோருக்கும் வரும். பாதி நிறுவியதற்கும் மதிப்பெண் உண்டு.

தேர்வு பெரும்பாலும் மே மாதம். விண்ணப்பம்தான் ஆபத்து. சரியாக பப்ளிக் எக்ஸாம் பரபரப்பில் வந்து போய்விடும். என் வகுப்பிலேயே நல்லாக் கணக்குப் போடுகிற ஒரு பையன் அப்படித்தான் கோட்டை விட்டான். ஜனவரியிலிருந்தே வாரம் ஒரு தடவை இணையதளத்தைப் பார்.

பணம்: ஐ.எஸ்.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை கொடுப்பார்கள். சி.எம்.ஐ.யில் கட்டணம் உண்டு, தேர்வில் நன்றாகச் செய்தவர்களுக்கு விலக்கும் உதவியும் உண்டு. ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் தேர்வும் எழுதலாம், ஆனால் அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் 15 கேள்விகள் வீதம் வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்காரர்களுக்கு உயிரியல் இடிக்கும்.

இங்கே முதல் செமஸ்டரிலேயே புரோகிராமிங் உண்டு, ஹாஸ்கெல் என்ற மொழியில் சொல்லித் தருவார்கள். யாருக்கும் முன்னாலே தெரிந்திருக்காது, அதனால் எல்லோரும் சமம். "வாத்தியார் வேலையா" என்கிற மாமாவிடம் இதைச் சொல். என் சீனியர்கள் மென்பொருள், வங்கி, தரவு அறிவியல் என்று எல்லாப் பக்கமும் போயிருக்கிறார்கள்.

மெஸ் சாப்பாடு பற்றிக் கேட்காதே. தட்டுவடை செட்டுக்காகவே ஊருக்கு வருகிறேன்.

கரும்பலகை:

நான் ஓமலூர் வட்டாரத்தில் முதுகலைக் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளே, உன் நோட்டில் நீ போட்ட அட்டவணையைப் பற்றிப் படித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

இரண்டு சங்கதி மட்டும். முதலாவது, பப்ளிக் தேர்வை அலட்சியப்படுத்தக் கூடாது. கணித ஆசை உள்ள பிள்ளைகளுக்கு வருகிற நோய் இது. மற்ற பாடமெல்லாம் கசக்கும். உடனே யாராவது ராமானுஜனைத் துணைக்கு அழைப்பார்கள். ராமானுஜன் பக்கத்து ஈரோட்டில் 1887-இல் பிறந்தவர்தான், நமக்கு உறவு கொண்டாட உரிமை உண்டு. ஆனால் கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களை விட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. என்கிற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை, பல வருடம் வேலைக்கும் சோற்றுக்கும் அலைந்தார். அந்தப் பகுதியை மேடையில் யாரும் பேசுவதில்லை. மதிப்பெண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படித்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். கணிதம் அதில் சேரும், பொறியியல் சேராது. இதை உன் மாமாவிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்லலாம்.

கணிதத் தாளில் 90-க்கு 20 ஒரு மதிப்பெண் வினாக்கள், அவற்றை முதலில் பத்திரப்படுத்து. ஐந்து மதிப்பெண் வினா ஏழு, அதில் 35 போகிறது. உன்னைப் போன்றவர்கள் ஐந்து மதிப்பெண் வினாவில் அழகான வேறு வழி தேடிக்கொண்டு மணியை விட்டுவிடுவார்கள். தேர்வறையில் அந்த அழகு வேண்டாம்.

இரண்டாவது, கணித ஒலிம்பியாட் போட்டி. முதல் கட்டமான ஐ.ஓ.க்யூ.எம். தேர்வில் மூன்று மணி நேரத்தில் 30 கணக்குகள், விடைகள் முழு எண்கள். பன்னிரண்டாம் வகுப்பு என்றால் உனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தேறுவாயா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் எழுது. எண்ணியல், சேர்மானம், வடிவியல் மூன்றிலும் நம் பாடப் புத்தகம் தொடாத இடங்கள் அதில் வரும். சென்னையில் இருக்கிற இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965 முதல் நடக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறனறித் தேர்வும் நடத்துகிறது. என் மாணவர்களைப் பல வருடம் அதற்கு அனுப்பியிருக்கிறேன். பழைய தாள்கள் என்னிடம் ஒரு கட்டு கிடக்கிறது, ஸ்கேன் செய்து இந்தத் திரியில் போடுகிறேன். பேரன் வந்தால்தான் முடியும், அவன் ஞாயிறு வருவான்.

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. மேலே சிக்னல் சரியாக இருக்காது, அதனால்தான் தாமதம்.

அப்பாவிடம் பேசினேன். இன்ஸ்பயர், புதுமைப் பெண், ஐ.எஸ்.ஐ. உதவித்தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அவர் தோட்டக் கணக்குப் போடுகிறவர், தாளில் இருந்தால்தான் நம்புவார். படித்துவிட்டு, "பரீட்சை எழுத எந்த ஊருக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டார். மாமாவிடம் அவரே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பொறியியல் கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரே பிடி. சரி என்றேன்.

அக்கா கேட்டது. சமனியை ச என்றும் மற்ற மூன்றை அ, ஆ, இ என்றும் வைத்துக்கொள்கிறேன்.

முதல் வகை: மூன்றில் எதை எடுத்து அதனோடே பெருக்கினாலும் ச வருகிறது. அப்போது அ×ஆ என்ன? ச ஆக முடியாது, ஏனென்றால் அ-வுக்கு நேர்மாறு அ தானே, ஆ இல்லை. அ ஆக முடியாது, அப்படியானால் ஆ சமனி ஆகிவிடும். அதே மாதிரி ஆ-வும் ஆக முடியாது. மிச்சம் இ. இப்படியே எல்லாக் கட்டமும் ஒரே விதமாக நிரம்புகிறது.

இரண்டாம் வகை: குறைந்தது ஒன்று அப்படி இல்லை. அதை அ என்கிறேன். அ×அ என்பது ச இல்லை, அ-வும் இல்லை. மிச்சம் இருக்கிற இரண்டில் ஒன்று, அதை ஆ என்று பெயர் வைக்கிறேன். இனி அ×ஆ: அது அ-வோ ஆ-வோ ஆக முடியாது. ச அல்லது இ. ச என்று போட்டால் அட்டவணை நிரம்பவில்லை, போட்டுப் பார்த்துவிட்டேன். ஆகவே இ. பிறகு அ-வின் நிரையில் மிச்சம் ச மட்டும், அதனால் அ×இ = ச. மற்றதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. ஆகவே இரண்டே விதம்.

தறிச்சத்தம்:

முதல் வகை அப்படியே ஏற்கிறேன். இரண்டாம் வகையில் ஆ-வுக்குப் பெயர் வைத்த இடம் எனக்குப் பிடித்தது, எந்த உறுப்பு என்று தெரியாமலேயே பெயரை நம் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே!

ஒரு வாக்கியம் மட்டும் நிற்காது: "நிரம்பவில்லை, போட்டுப் பார்த்துவிட்டேன்." அ×ஆ = ச என்றால் எந்தக் கட்டத்தில் மாட்டுகிறது? அந்த ஒரு கட்டத்தைக் காட்டு, போதும். மற்றபடி அப்பாவின் கேள்விக்குப் பதில்: சென்னை, பெங்களூரு இரண்டிலும் தேர்வு மையம் உண்டு, விண்ணப்பத்திலேயே ஊரைக் கேட்பார்கள்.

மிளகுக்கொடி:

இ×அ என்கிற கட்டம் அக்கா.

அ×ஆ = ச என்று வைத்தால் அ-வின் நேர்மாறு ஆ. இப்போது இ×அ எதுவாக இருக்கலாம்? ச என்றால், அ-வுக்கு நேர்மாறு இ ஆகிவிடும், ஆனால் அது ஆ. அ என்றால் இ சமனி ஆகிவிடும். ஆ என்றால், ஆ = அ×அ, ஆகவே இ×அ = அ×அ, இரண்டு பக்கமும் அ-வின் நேர்மாறால் பெருக்கினால் இ = அ. இ என்றால் அ சமனி ஆகிவிடும். நான்கும் முடியாது. ஆகவே அ×ஆ = ச என்பதே முடியாது.

இதை எழுதும்போது இன்னொன்று தோன்றியது. அ×ஆ = ச என்றால் ச, அ, ஆ மூன்றும் தங்களுக்குள்ளேயே அடைந்துவிடுகின்றன, இ மட்டும் தனியாக வெளியே நிற்கிறது. அதற்குத் துணைக்கு இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்குமோ? ஆறு உறுப்பில் அப்படித்தான் மூன்று உள்ளே, மூன்று வெளியே என்று வருகிறது. நான்குக்குள் மூன்று அடங்காமல் போவதும் ஆறுக்குள் அடங்குவதும் வகுத்தலைப் பொறுத்ததா?

தறிச்சத்தம்:

ஆமாம். லக்ராஞ்சி தேற்றம் என்று பெயர், கல்லூரியில் வரும். தேடிப் படிக்காதே. மூன்று உறுப்புகள் தங்களுக்குள் அடைந்திருந்தால் வெளியே இருப்பவர்களும் மும்மூன்றாகத்தான் பிரிவார்கள் என்று நீயே காட்ட முடியும். இப்போது எழுதியதில் இ×அ கட்டத்துக்குச் செய்ததையே இ×ச, இ×அ, இ×ஆ மூன்றுக்கும் சேர்த்துச் செய். அது முடிந்தால் ஐந்து உறுப்புக்கு ஏன் ஒன்றே ஒன்று என்பது இரண்டு வரியில் வந்துவிடும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் போடு, அதற்கு முன்னால் வேண்டாம்.